பதினாறுக்கு நாலு

எங்கள் வீட்டு முன்னறையில் மாமாவின் படத்துக்குக் கீழே, ஓர் ஆணியில், மரத்தால் செய்த புரொப்பெல்லர் ஒன்று தொங்குகிறது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், தேன் நிறம், நடுவில் ஒரு துளை. துளைக்குப் பக்கத்தில் பதினாறு, நாலு என்று இரண்டு எண்கள் பதிந்திருக்கும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "விமானப் படையில இருந்தாரோ?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். மாமா, அதாவது என் மனைவியின் அப்பா, தோவாளைச் சந்தையில் பூக்கடை வைத்திருந்தவர். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. "சும்மா ஒரு ஞாபகத்துக்கு" என்று சொல்லி நான் பேச்சை மாற்றிவிடுவேன். அப்படி மாற்றும்போதெல்லாம் காது சூடாகும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை.

பூக்கடைக்காரர் என்றால் போதாது. சந்தையில் மாமாவின் தராசுக்கு ஒரு பேர் இருந்தது. பூவுக்குத் தண்ணீர் தெளிப்பது எங்கள் ஊரில் வழக்கம். விடியுமுன் வந்து இறங்கும் பிச்சியும் மல்லியும் கேந்தியும் வெயில் ஏறும்வரை வாடாமல் இருக்க வேண்டுமே. ஆனால் வாடாமல் இருக்கத் தெளிப்பது ஒன்று, எடை ஏறத் தெளிப்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டைத் தாண்டுகிறவனைச் சந்தை மன்னிக்காது. மாமா விரல் நுனியைத் தண்ணீரில் நனைத்து உதறுவாரே தவிர, கையால் அள்ளித் தெளித்து யாரும் பார்த்ததில்லை. நிறுத்து முடித்த பிறகு தன் பங்குக்கு இன்னொரு பிடியும் அள்ளிப் போடுவார். "முள்ளு நேரா நின்னா அது யாவாரம், செத்த சாஞ்சு நின்னாத்தான் மனசுக்குப் பிடிக்கும்" என்பார். மலையாளத்திலிருந்து வருகிற வியாபாரிகள் அவர் கடையில் மட்டும் பூவைக் கையில் அழுத்திப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

நான் வளைகுடாவில் ஏசி பராமரிப்பு வேலையில் இருந்தேன். கம்பெனியை மூடினார்கள். ஊருக்கு வந்தபோது கையில் இரண்டு பெட்டி. ஒன்றில் துணிமணி, இன்னொன்றில் ஒரு ரிமோட் விமானம். சொந்த வீடு இல்லாததால் மனைவியின் வீட்டில் தங்கினேன். வீட்டோடு மாப்பிள்ளை, வேலையும் இல்லை, அதோடு விளையாட்டு விமானம் என்றால் சொந்தக்காரர்களுக்குச் சிரிக்க வேறென்ன வேண்டும்? "மருமவன் என்ன செய்யுகாரு?" என்று மாமாவிடம் யாராவது கேட்டால், கேள்வி முடியுமுன்பே நான் வீட்டுக்குள் போய்விடுவேன். மாமா மட்டும் தலை நிமிர்ந்தே பதில் சொல்வார்: "பிளேன் விடுகாரு."

வெறுமனே பறக்கவிடுவதில்லை நான். பாலைவனத்து மணலில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் நண்பர்களிடம் நான் கற்றுக்கொண்டது விமானத்தை நிறுத்துவது. மூக்கை வானத்துக்கும் வாலைத் தரைக்கும் திருப்பி, ஒரே இடத்தில், புரொப்பெல்லர் ஒன்றின் பலத்திலேயே தொங்கவைப்பது. ட்ரோனுக்கு இது ஒரு வேலையே இல்லை, அது நிற்கப் பிறந்தது. விமானம் ஓடப் பிறந்தது. அதை நிற்கவைக்க வேண்டுமென்றால் இறக்கை உதவாது. முழு எடையையும் முன்னால் சுழலும் அந்தக் கட்டை ஒன்றே தாங்க வேண்டும், வாலில் திசை திருப்பும் மடல்களுக்குக் காற்றை அனுப்புவதும் அதுவே. ஆகவே எந்தப் புரொப்பெல்லரைப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் எண் அதன் குறுக்களவு, இரண்டாவது எண் ஒரு சுற்றுக்கு அது எவ்வளவு தூரம் முன்னேறப் பார்க்கும் என்பது, இரண்டும் அங்குலத்தில். குறுக்களவு கூடி, முன்னேற்றம் குறைந்தால் நிற்கும். முன்னேற்றம் கூடி, குறுக்களவு குறைந்தால் ஓடும். ஸ்கூட்டரில் மலையேறும்போது போடுகிற முதல் கியருக்கும், நாலுவழிச் சாலையில் போடுகிற கடைசி கியருக்கும் உள்ள வித்தியாசம்தான். என் விமானம் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பலதையும் போட்டுப் பார்த்து, சிலதை உடைத்து, பதினாறுக்கு நாலு என்று முடிவு செய்திருந்தேன். அதைப் போட்டால் மோட்டாரின் பாதி வேகத்திலேயே விமானம் நின்றுவிடும். மீதிப் பாதி, ஏதாவது கோளாறு வந்தால் காப்பாற்றிக்கொள்ள.

ஒரு கோடையில் வற்றிக் கிடந்த குளத்துக்குள் நான் விமானத்தை நிறுத்திக்கொண்டிருந்தபோது மாமா கரையில் வந்து நின்றார். நான் பார்க்கவில்லை. இறக்கிய பிறகுதான் பார்த்தேன். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு குளத்துக்குள் இறங்கி வந்தார். "மாப்ள, இதைக் கட்டி வச்சிருக்கா?" என்றார். இல்லை என்றேன். விமானத்துக்கு மேலும் கீழும் கையை வீசிக் கயிறு இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் புரொப்பெல்லரின் இரண்டு பக்கத்தையும் விரலால் தொட்டுப் பார்த்து, "தராசு மாதிரி இருக்கு" என்றார். சமன் பார்ப்பதற்காக அதை ஒரு கம்பியில் செருகி நிறுத்திக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் என் கட்சி. சந்தையில் போய், "எங்க மாப்ள பிளேனை ஆகாசத்துல அப்படியே நிறுத்துகாரு" என்று சொல்லத் தொடங்கினார்.

அந்த வாய்தான் வினையாயிற்று. மாமாவின் அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்து முற்றத்துக்கு வரும்போது, முன்னால் உள்ள காலியிடத்துக்கு மேல் விமானத்தை நிறுத்தி, வயிற்றில் கட்டிய பையைத் திறந்து பூவிதழ் தூவ வேண்டும் என்று மாமா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். என்னைக் கேட்காமலேயே சொல்லிவிட்டார். எதற்காக என்று எனக்குத் தெரியும். அந்த முற்றத்தில் நிற்கப்போகிற அத்தனை சொந்தக்காரர்களும் ஒரு தடவையாவது என்னை அண்ணாந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. "பூ எனக்க பொறுப்பு, பிளேன் ஒங்க பொறுப்பு" என்றார். உதிர்த்த இதழ் இருநூறு கிராம், அதற்கு மேல் வேண்டாம் மாமா என்றேன். தலையாட்டினார். அந்த வருஷம் மழை குறைந்து வற்றியே கிடந்த குளத்தில் இருநூறு கிராம் மணலைப் பையில் போட்டு ஒத்திகை பார்த்தேன். பதினாறுக்கு நாலு எந்தச் சிரமமும் இல்லாமல் தாங்கியது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அறுத்த வயலில் விமானத்தை ஏற்றினேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மைத்துனர் ஒருவர், மனைவியின் பெரியம்மா மகன், நாலைந்து பேரோடு பார்க்க வந்திருந்தார். நிறுத்துவதற்கு முன் ஒரு வட்டம் சுற்றி வந்தேன். முதல் கியரில் போகிற வண்டி எப்படிப் போகும்? மெதுவாக, கூச்சல் போட்டுக்கொண்டு போயிற்று. மைத்துனர் சிரித்தார். "அத்தான், இது பறக்கா, நடக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி தூங்காமல் புரொப்பெல்லர்களை எடுத்துப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓடுகிற வேகத்தையும் காட்டி, நின்றும் காட்டினால் என்ன என்று தோன்றியது. காலையில் பதினாறுக்கு நாலைக் கழற்றி வைத்துவிட்டு, பதினாலுக்கு எட்டு என்ற கறுப்பு பிளாஸ்டிக் புரொப்பெல்லரைப் பூட்டினேன். வயலில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்தேன். பாய்ந்தது. பை காலியாக இருக்கும்போது நிற்கவும் நின்றது, ஆனால் மோட்டாரின் முழு வேகத்துக்கு ஒரு நூல் குறைவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இருநூறு கிராம் பூ என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். பூதானே என்று நினைத்தேன், பூக்காரர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு.

நாதஸ்வரம் முற்றத்துக்கு வந்தபோது மாமா வாழையிலைப் பொதியோடு வந்தார். ரோஜாவும் கேந்தியும். அவரே உட்கார்ந்து உதிர்த்திருக்கிறார். பையில் கொட்டும்போது இதழ்கள் பளபளவென்று இருந்தன. மங்கல காரியத்துக்குப் போகிற பூ வாடலாமா என்று விரல் நுனியால் இல்லாமல் கையாலேயே தெளித்திருந்தார். பை நிறைந்த பிறகு, பழக்கம் விடாமல், மேலே இன்னொரு பிடி. "நம்ம வீட்டு விசேஷம்லா" என்றார். எனக்குக் கனம் தெரிந்தது. மாமனார் நெற்றியில் சந்தனத்தோடு பூவை அள்ளித் தருகிறார். அத்தனை பேர் முன்னால் அதை எடுத்துக் கீழே கொட்டுங்கள் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. காலியிடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆட்களை நிற்கச் சொல்லிவிட்டு விமானத்தை ஏற்றினேன்.

முதலில் ஒரு பாய்ச்சல். முற்றத்துக்கு மேல் சீறிக்கொண்டு போனபோது "ஏ யப்பா" என்று குரல்கள் எழுந்தன. மைத்துனர் பக்கம் என் கண் ஒரு நொடி போனதை மறைக்க முடியாது. திரும்பி வந்து மூக்கைத் தூக்கினேன். நின்றது, ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு வால் இறங்கத் தொடங்கியது. முழு வேகமும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று, விரலுக்குக் கீழே இனி எதுவும் இல்லை. விமானம் மெல்லச் சுழன்றுகொண்டே கீழே வந்தது. பையைத் திறந்தால் எடை குறையும் என்று திறந்தேன். இதழ்கள் சிதறவில்லை. நனைந்த பூ ஒன்றோடொன்று ஒட்டி, பிடி கொழுக்கட்டை மாதிரி ஒரே உருண்டையாகத் தரையில் சொத்தென்று விழுந்தது. அதன் பின்னாலேயே விமானமும், வாசலில் கட்டியிருந்த குலைவாழையை அறுத்துக்கொண்டு விழுந்தது. யாருக்கும் அடியில்லை. அப்புறம் சிரிப்பு. மணப்பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். மாமா கயிற்றைத் தாண்டிப் போனார். விமானத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பூவுருண்டையை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி கையைத் தூக்கிப் பிழிந்தார். தண்ணீர் முழங்கைவரை வழிந்து புதுச் சட்டையை நனைத்தது.

"பாத்தியளா? எனக்க புத்தியச் செருப்பால அடிக்கணும். தண்ணிய ஊத்தி ஊத்திப் பூவ கல்லாக்கி வச்சிருக்கேன். அவரு என்ன செய்வாரு பாவம்? கணக்கு சொல்லித்தான் தந்தாரு. கெடுத்தது நான்."

சந்தை ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே இருந்தார்கள். எதிர்க்கடை அண்ணாச்சி உரக்கச் சொன்னார், "என்னவே, கல்யாண வீட்லயும் எடை கூட்டியாச்சா?" சிரிப்பு என்னைவிட்டு மாமாவின் பக்கம் திரும்பியது. மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் காலையில், மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தபோது, அவளும் கேட்கும்படியே மாமாவிடம் சொன்னேன். தண்ணீர் காரணமில்லை மாமா, புரொப்பெல்லரை மாற்றினேன், வேகம் காட்ட ஆசைப்பட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. நிறுத்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்கிறவர் இல்லை. "தண்ணியா ஃபேனான்னு ஒருக்கா பாத்துருவோமே" என்றார். உடைந்த விமானத்தை ஒட்டிச் சரிசெய்து முடித்த பிறகு இரண்டு பேரும் குளத்துக்குப் போனோம். முதலில் பதினாலுக்கு எட்டைப் பூட்டி, உலர்ந்த இதழ் இருநூறு கிராமைப் போட்டேன். நிற்கவே இல்லை, நல்லவேளை தாழப் பறந்ததால் இறக்கிவிட்டேன். பிறகு பதினாறுக்கு நாலு. மாமா அன்று போலவே கையால் தண்ணீர் தெளித்து, மேலே ஒரு பிடியும் வைத்தார். விமானம் போய் நின்றது. அசையாமல், அத்தனை ஈரப் பூவையும் வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றது. மாமா அண்ணாந்து பார்த்தபடி, "நின்னுட்டே மாப்ள, நின்னுட்டே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கல்யாண முற்றத்தில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய சந்தோஷம் அது. வற்றிய குளத்தில், ஆளில்லாத இடத்தில் கிடைத்தது.

இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். உடனே முகம் மாறிற்று. "சும்மா இருங்க. நீங்க இனிமேத்தான் பேரு எடுக்கணும். எனக்கு உள்ள பேரு கொஞ்சம் கொறைஞ்சாலும் மிச்சம் இருக்கும். இது இஞ்சயே கெடக்கட்டும்." பேச்சு முடிந்தது என்பதுபோல் வேட்டியை உதறிக்கொண்டு கரையேறிவிட்டார்.

மிச்சம் இருக்கும் என்றுதான் அவர் நினைத்தார். கேலி முதலில் கேலியாகத்தான் இருந்தது. "தண்ணி அண்ணாச்சி" என்று கூப்பிட்டார்கள். "இவருக்க பூவ வாங்குனா பிளேனே விழும்வே" என்பார்கள். அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிப்பார். ஆனால் கதை தெரியாத புது வியாபாரிகளுக்குப் பேர் மட்டும் போய்ச் சேர்ந்தது. ஓர் ஓணச் சமயத்தில் கடைக்குப் போயிருந்தேன். மலையாளத்து வியாபாரி ஒருவர் நிறுப்பதற்கு முன் மாமாவின் பூவை அள்ளி உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார். ஈரம் ஒட்டுகிறதா என்று கையை விரித்துப் பார்த்தார். மாமா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நிற்பது தெரிந்ததும், "வெயில் ஏறுகு, வீட்டுக்குப் போங்க மாப்ள" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

அதே காலத்தில் என் வாழ்க்கை நேராயிற்று. அன்று கல்யாணத்தைப் பார்த்த மண்டபத்துக்காரர் தன் மண்டபத்து ஏசி வேலையை எனக்குத் தந்தார். "பூவுல தண்ணி இருந்தா நீங்க என்ன செய்வீங்க? கணக்குத் தெரிஞ்ச ஆளுன்னு அன்னைக்கே மனசிலாச்சு" என்று சொல்லித்தான் தந்தார். நான் நன்றி சொன்னேன். பிறகு நாகர்கோவிலில் கடை போட்டேன். மாமா தடுத்ததால்தான் உண்மையைச் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். அவர் தடுத்தது எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் சரி.

மாமா இறந்தது ஒரு சித்திரை வெயிலில். சந்தை முழுக்க வந்திருந்தது. எதிர்க்கடை அண்ணாச்சி, அவரும் தளர்ந்துபோயிருந்தார், பெரிய சம்பங்கி மாலையைச் சுமந்து வந்தார். அதை மாமாவின் மார்பில் வைத்துவிட்டு, குனிந்து காதோரம் பேசுவது போலச் சொன்னார்.

"ஒரு சொட்டு தண்ணி தெளிக்கேல்ல வே. பயப்படாதேயும். கனம் இருக்காது."

சொல்லிவிட்டு உடைந்து அழுதார். அன்பில் சொன்னதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த மாலை ஓரங்களில் வாடத் தொடங்கியிருந்தது. வாழ்நாளெல்லாம் பூவை வாடவிடாத மனுஷன், வாடின மாலையோடு கிடந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. "தண்ணி இல்ல அண்ணாச்சி, நான்தான். நான் ஃபேனை மாத்துனேன். அவருக்க மேல ஒரு தப்பும் கெடையாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம்.

யாரும் திடுக்கிடவில்லை. அண்ணாச்சி என் தோளைப் பிடித்து அணைத்துக்கொண்டார். "போதும் மக்கா, போதும்" என்றார். பின்னால் பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "கண்டியா ஏட்டி, மாமனாருக்க பழிய செத்த பொறவும் தன் தலையில போட்டுக்கிடுகாரு. இப்படி ஒரு மருமோன் யாருக்குக் கிட்டும்?" மைத்துனர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மறுபடியும் வாயைத் திறந்தேன், மனைவி வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் பேரைத் திருப்பிக் கொடுக்கப் போன நான், இன்னொரு நல்ல பேரையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அதை இன்றைக்கும் சொந்தக்காரர்கள் சொல்லிக்காட்டுகிறார்கள், கல்யாண வீடுகளில், என் முகத்துக்கு நேரே, பெருமையாக.

இப்போது எனக்கு வேறு விமானங்கள் இருக்கின்றன. அந்தப் பதினாறுக்கு நாலை மட்டும் ஆணியில் மாட்டிவிட்டேன். தினமும் காலையில் மனைவி அப்பாவின் படத்துக்குப் பிச்சிச் சரம் சாத்துவாள். சாத்திவிட்டு, கிண்ணத்தில் உள்ள தண்ணீரைக் கை நிறைய அள்ளித் தெளிப்பாள், விரல் நுனியால் அல்ல. கொஞ்சமாகத் தெளி என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "எங்கப்பாவுக்கு எவ்வளவு வேணும்னாலும் தெளிப்பேன்" என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். சரத்திலிருந்து தண்ணீர் வழிந்து கண்ணாடியில் இறங்கி, கீழே தொங்கும் மரத்தின் ஒரு பக்கத்தில் சொட்டும். மரம் ஒரு பக்கம் ஊறினால் சமன் போய்விடும், அப்புறம் அது எந்த விமானத்தையும் நிறுத்தாது. துடைக்க வேண்டும் என்று கை போகும். துடைப்பதில்லை.